பேட்டரி நிறைய இருந்தது... பெட்டி ஏன் குளிர்ந்தது?

கடந்த இதழில் மல்டிமீட்டர் பற்றி எழுதியதைத் தொடர்ந்து, டயோடு பற்றியும் சால்டரிங் பற்றியும் நிறைய கேள்விகள் வந்திருக்கின்றன. அதில் ஒரு கடிதம் கொஞ்சம் நீளம். ஆனால், அதற்குச் சொல்லும் பதிலில் மற்ற பலருடைய கேள்விகளுக்கும் பதில் இருப்பதால், அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ''அரியலூர் மாவட்டத்தில் சின்ன கிராமம் எங்களுடையது. 25 சிறுவிடைக் கோழிகள் வைத்திருக்கிறோம். பாலிடெக்னிக் முதலாம் ஆண்டு படிக்கும் என் மகன், தெர்மாகோல் பெட்டியில் 40 முட்டைகள் வைக்கிற மாதிரி ஓர் இன்குபேட்டர் செய்து கொடுத்தான். 12 வோல்ட் கார் பல்பு, கம்ப்யூட்டர் ஃபேன், வெப்பநிலையைப் பார்த்து பல்பைப் போட்டு அணைக்கும் போர்டு. எல்லாமே 12 வோல்ட். ஓர் அடாப்டர், கரன்ட் போனால் எடுத்துக்கொள்ள 7 ஏ.ஹெச் பேட்டரி. இரண்டுக்கும் ஒவ்வொரு டயோடு. மூன்று முறை அடை வைத்ததில் நன்றாகவே பொரித்தது. நான்காவது முறை, 16-ம் நாள் இரவில் கரன்ட் போய்விட்டது. விடியற்காலையில் பார்த்தால் பெட்டி அணைந்து, முட்டைகள் ஜில்லென்று இருந்தன. பேட்டரியை அளந்தால் 12.6 வோல்ட் காட்டுகிறது. எல்லா முட்டைகளையும் குழியில் கொட்டிவிட்டோம். அதில் 18 முட்டைகள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா நம்பிக் கொடுத்தவை. 'டயோடு போய்விட்டது' என்கிறான் மகன். டவுனில் டி.வி மெக்கானிக்கிடம் காட்டினோம். 'டயோடெல்லாம் இல்லை, சால்டரிங் மோசம். பையனுக்குக் கை வரவில்லை' என்று சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் பெட்டியைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார். மகன் அன்று முதல் சால்டரிங் அயனைத் தொடுவதில்லை. யார் சொல்வது சரி?''

பதில்: சகோதரி, நீங்கள் அனுப்பிய புகைப்படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் மகனிடம் போனிலும் பேசினேன். பரணிலிருந்து பெட்டியை இறக்கவைத்து, மீட்டரோடு உட்காரவைத்து, ஒவ்வொன்றாக அளந்து சொல்லச் சொன்னேன். தம்பி நன்றாகவே அளந்தார். அதில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் துப்பு, நீங்களே எழுதிய 12.6 வோல்ட். இரவு முழுக்கக் கரன்ட் இல்லை. பெட்டியும் அணைந்து கிடக்கிறது. பேட்டரி மட்டும் நிறைய இருக்கிறது. அப்படியென்றால் பேட்டரியிலிருந்து ஒரு சொட்டு மின்சாரம்கூடப் பெட்டிக்குப் போகவில்லை. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, மோட்டாரும் ஓடுகிறது, வாய்க்காலுக்கு வரவில்லை என்றால் நடுவில் குழாயைத்தானே பார்ப்போம்? இங்கே நடுவில் இருப்பது ஒரு ஃபியூஸ்கூட இல்லை. ஒரே ஒரு டயோடும், அதன் இரண்டு பக்கத்துப் பற்றவைப்பும்தான்.

டயோடு தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. போர்வெல் குழாயில் என்.ஆர்.வி போடுகிறோமே, அந்த வேலையை மின்சாரத்துக்குச் செய்வதுதான் டயோடு. ஒரு பக்கமாக விடும், திரும்பி வர விடாது. உடம்பில் வெள்ளிக் கோடு போட்ட முனை, மின்சாரம் வெளியே வரும் பக்கம். உங்கள் பெட்டியில் இரண்டு டயோடுகளின் வெள்ளிக் கோடுகளும் ஒன்றாகச் சேர்ந்து பல்பு பக்கம் போகின்றன. அடாப்டர் மின்சாரம் பேட்டரிக்குள் புகாது, பேட்டரி மின்சாரம் அடாப்டருக்குள் புகாது, எது இருந்தாலும் பெட்டிக்கு வரும் என்பதுதான் தம்பியின் எண்ணம். சரியான எண்ணம்தான். திசையும் சரியாகவே போட்டிருக்கிறார்.

மீட்டரை டயோடு குறியில் வைத்துச் சோதிக்க வேண்டும். சிவப்பு முனையைக் கோடு இல்லாத பக்கமும், கறுப்பு முனையைக் கோடு உள்ள பக்கமும் வைத்தால் சாதாரண சிலிக்கான் டயோடு 0.5 முதல் 0.7-க்குள் காட்டும். முனைகளை மாற்றி வைத்தால் எதுவும் காட்டக் கூடாது. சில மீட்டர்களில் 'ஓ.எல்' என்று வரும். விலை குறைந்த மீட்டர்களில் இடது ஓரம் '1' மட்டும் நிற்கும். இரண்டு பக்கமும் ஏறக்குறைய பூஜ்யம் காட்டினால் டயோடு ஷார்ட். இரண்டு பக்கமும் எதுவும் காட்டவில்லை என்றால் உள்ளே அறுந்துவிட்டது. ஒரு விஷயம், போர்டில் இருக்கும்போதே அளந்தால் பக்கத்தில் உள்ள மற்ற பாகங்கள் வழியாக மின்சாரம் சுற்றி வந்து மீட்டரை ஏமாற்றும். அதனால் ஒரு காலையாவது கழற்றிவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

அப்படிக் கழற்றச் சொன்னபோதுதான் விஷயம் வெளிவந்தது. அயனைச் சூடு செய்யும் முன்பே, 'சார், இழுத்ததும் கால் கையோடு வந்துவிட்டது' என்றார் தம்பி. கழன்று வந்த டயோடு ஒரு பக்கம் 0.58, மறுபக்கம் ஓ.எல். ஆக, டயோடு உயிரோடுதான் இருக்கிறது. அதன் காலைப் பிடித்திருக்க வேண்டிய ஈயம்தான் விட்டுவிட்டது. பார்த்தால் ஒட்டியிருப்பது போலவே இருக்கும். காலைச் சுற்றி முடி அளவுக்கு ஒரு வட்ட விரிசல் மட்டும் ஓடியிருக்கும். 'டிரை சால்டர்' என்று கடைகளில் சொல்வதில் இதுவும் ஒரு வகை.

அப்படியென்றால் மெக்கானிக் சொன்னது சரியா? பாதி சரி. ஆனால், 'கை வரவில்லை' என்ற தீர்ப்பை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அடாப்டர் பக்கத்து டயோடையும் அதே கைதான் பற்றவைத்தது. அது இன்றும் நன்றாகப் பளபளப்பாக இருக்கிறது. ஒரே நாளில், ஒரே அயனில் செய்த இரண்டில் ஒன்று மட்டும் ஏன் கருகிச் செத்தது? புகைப்படத்தில் பேட்டரி பக்கத்து டயோடைச் சுற்றி போர்டு பழுப்பாகியிருக்கிறது, கவனித்தீர்களா? அந்த டயோடு மாதக்கணக்கில் கொதித்திருக்கிறது.

ஏன் என்று கேட்டால், ஒரு கணக்கு. பல்பு 21 வாட். 12 வோல்ட்டில் அது 1.75 ஆம்பியர் இழுக்கும். ஃபேனும் போர்டும் சேர்த்து ஏறக்குறைய 2 ஆம்பியர். தம்பி போட்டிருந்தது 1என்4007. 'ஏன் அதைப் போட்டீர்கள்?' என்று கேட்டேன். 'ஆயிரம் வோல்ட் தாங்கும் என்று கடையில் சொன்னார்கள் சார், 12 வோல்ட்டுக்கு அது தாராளம் என்று நினைத்தேன்' என்றார். புதிதாகப் பழகுபவர்களில் பத்துக்கு எட்டு பேர் விழும் குழி இது. அது ஆயிரம் வோல்ட் தாங்கும்தான். ஆனால் தொடர்ந்து விடக்கூடிய மின்சாரம் 1 ஆம்பியர் மட்டுமே. டயோடு வாங்கும்போது வோல்ட், ஆம்பியர் இரண்டையும் கேட்க வேண்டும். 1என்4001-லிருந்து 4007 வரை எல்லாமே 1 ஆம்பியர்தான். வோல்ட் மட்டும்தான் ஏறிக்கொண்டே போகும்.

டயோடு மின்சாரத்தைச் சும்மா விடுவதில்லை. என்.ஆர்.வி திறக்க தண்ணீர் கொஞ்சம் அழுத்தம் கொடுக்க வேண்டும் அல்லவா? அதுபோல சிலிக்கான் டயோடு 0.7 வோல்ட் அளவுக்குச் சுங்கம் பிடித்துக்கொள்ளும். சுமை கூடினால் ஏறக்குறைய 1 வோல்ட் வரை போகும். 2 ஆம்பியரில் 1 வோல்ட் என்றால் 2 வாட் சூடு. உளுந்து அளவு உள்ள பொருளுக்குள் இவ்வளவு சூடு. அதையும் பெட்டியின் மூடிக்கு உள்பக்கமே, 37.5 டிகிரி வெப்பமும் ஈரப்பதமும் உள்ள இடத்தில் ஒட்டியிருக்கிறார். பல்பு எரியும்போது டயோடு சூடாகும், அணையும்போது ஆறும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை இப்படி விரிந்து, சுருங்கி, விரிந்து, சுருங்கி... மூன்று அடை, அதாவது 63 நாள். ஈயம் விரிசல் விடாமல் என்ன செய்யும்?

இங்கேதான் எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. கரன்ட் போகும்போது மட்டும் வேலை செய்ய வேண்டிய பேட்டரி டயோடு ஏன் இவ்வளவு சூடாக வேண்டும்? எப்போதும் வேலை செய்யும் அடாப்டர் டயோடு அல்லவா கருகியிருக்க வேண்டும்? 'பவர் கட் இல்லாத நாளிலும் பேட்டரி இறங்குமா?' என்று கேட்டேன். 'ஆமாம் சார், இரண்டு நாளுக்கு ஒருமுறை சார்ஜ் போடுவோம். பழைய பேட்டரி, அதனால் நிற்கவில்லை என்று நினைத்தோம்' என்றார்.

பேட்டரியில் குறை இல்லை. 12 வோல்ட் பேட்டரி என்று பெயர்தான். சார்ஜ் ஏறி ஓய்ந்த லெட் ஆசிட் பேட்டரி 12.7 வோல்ட் இருக்கும். அடாப்டர் 12 வோல்ட். இரண்டும் ஒரே மாதிரி டயோடு வழியாக வந்து ஒரே இடத்தில் சேரும்போது, எந்தப் பக்கம் உயரமோ அந்தப் பக்கத்திலிருந்துதான் மின்சாரம் பாயும். மேட்டு வாய்க்காலும் பள்ள வாய்க்காலும் ஒரே மடையில் சேர்ந்தால் எது முதலில் பாயும்? அடாப்டர் கரன்ட்டில் மாட்டியிருக்கும்போதே, பெட்டியை ஓட்டியது பேட்டரிதான். அது 12 வோல்ட்டுக்கு இறங்கிய பிறகுதான் அடாப்டர் தோள் கொடுத்திருக்கிறது. லெட் ஆசிட் பேட்டரி 12 வோல்ட் காட்டுகிறது என்றால் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது என்று பொருள். மூன்று அடை தப்பியதே, அந்த நாட்களில் பவர் கட் குறைவாக இருந்ததால்தான் என்று நினைக்கிறேன்.

அன்று மாலை நீங்கள் பேட்டரியைச் சார்ஜ் செய்து மாட்டியிருக்கிறீர்கள். அதற்கு முன்போ, அன்றோ அந்த விரிசல் முழுதாகப் பிரிந்துவிட்டது. அடாப்டரில் பெட்டி வழக்கம்போல ஓடியதால் யாருக்கும் தெரியவில்லை. கரன்ட் போன நொடியில் எல்லாம் நின்றுவிட்டது.

ஆக, டயோடு என்று சொன்ன தம்பிக்கும் பாதி மதிப்பெண், சால்டரிங் என்று சொன்ன மெக்கானிக்குக்கும் பாதி மதிப்பெண். தவறான டயோடு, நல்ல பற்றவைப்பைக் கெடுத்தது. இதற்காக ஒரு பையன் அயனைக் கீழே வைக்கத் தேவையில்லை. நான் ரேடியோ கடையில் வேலை பழகிய காலத்தில், பவர் சப்ளை டயோடைத் தலைகீழாகப் போட்டு, வாடிக்கையாளர் கண்ணெதிரிலேயே கெப்பாசிட்டரை வெடிக்கவைத்தவன். கடைக்காரர் திட்டினார். மறுநாளும் அயனைக் கையில் கொடுத்தார்.

இனி என்ன மாற்ற வேண்டும்?

அடாப்டருக்குப் பதிலாக, 12 வோல்ட் 5 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ் ஒன்று வாங்குங்கள். எல்.இ.டி ஸ்ட்ரிப் விளக்குக்குப் போடுகிற, தகரப் பெட்டி வகை. அதில் வோல்ட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்ன திருகு இருக்கும். 13.2 வோல்ட்டுக்கு வையுங்கள். கார் பல்பு, ஃபேன் இரண்டும் இதைத் தாங்கும். அந்தப் பெட்டியின் முனைகளில் 230 வோல்ட் திறந்தே இருக்கும். அதனால் திருகைத் தொடுபவர் விவரம் தெரிந்தவராக, ஒரு கையை மட்டும் பயன்படுத்துபவராக, செருப்புப் போட்டவராக இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் மேலே மூடி போட்டுவிடுங்கள்.

எஸ்.எம்.பி.எஸ் பக்கம் ஷாட்கி டயோடு போடுங்கள். 5 ஆம்பியர், 60 வோல்ட் உள்ள எஸ்.ஆர்560 போதும். ஷாட்கி வகை பிடிக்கும் சுங்கம் குறைவு, இந்தச் சுமைக்கு 0.3 அல்லது 0.4 வோல்ட்தான். பேட்டரி பக்கம் 6 ஆம்பியர் சாதாரண டயோடு, 6ஏ10. இப்போது கணக்குப் போடுங்கள். கரன்ட் பக்கம் 13.2-ல் 0.4 போனால் 12.8. பேட்டரி பக்கம் 12.7-ல் 0.8 போனால் 11.9. ஏறக்குறைய 0.9 வோல்ட் வித்தியாசத்தில் கரன்ட் பக்கமே எப்போதும் ஜெயிக்கும். பேட்டரி தன் முறை வரும்வரை காத்திருக்கும். சார்ஜரிலிருந்து கழற்றிய சிறிது நேரத்துக்குப் பேட்டரி 13-க்கு மேல் காட்டினால் பயப்பட வேண்டாம், தானே இறங்கிவிடும்.

டயோடு போர்டைப் பெட்டிக்கு வெளியே, காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். டயோடைப் போர்டோடு ஒட்டிப் படுக்கவைக்காமல், அரை சென்டிமீட்டராவது தூக்கி நிறுத்துங்கள். பேட்டரி பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே 5 ஆம்பியர் ஃபியூஸ். இது கட்டாயம். 7 ஏ.ஹெச் சின்ன பேட்டரிதானே என்று நினைக்காதீர்கள். ஷார்ட் ஆனால் ஒயரைச் சிவக்கக் காய்ச்சிவிடும். பக்கத்தில் தெர்மாகோல் வேறு இருக்கிறது.

இப்போது பற்றவைப்பு. 6 ஆம்பியர் டயோடின் கால் தடிமனானது. தம்பியிடம் இருக்கும் 25 வாட் அயனை வைத்தால், சூட்டை எல்லாம் அந்தக் காலே உறிஞ்சிக்கொள்ளும். இதற்கு 40 அல்லது 60 வாட் அயன் வேண்டும். ஒரு நாளைக்கு யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்ளலாம்.

எல்லோரும் செய்யும் தவறு, அயன் நுனியில் ஈயத்தை உருக்கி எடுத்துக்கொண்டு போய், சாந்து பூசுவது போல இடத்தில் அப்புவது. அயனிலிருந்து இடத்துக்குப் போவதற்குள் ஃப்ளக்ஸ் எரிந்து போய்விடும், இடமும் சூடாகியிருக்காது. சேம்பு இலையில் தண்ணீர் உருண்டு நிற்கிற மாதிரி, ஈயம் முத்தாக உருண்டு உட்கார்ந்துகொள்ளும். அதற்கும் கீழே உள்ள செம்புக்கும் உறவே இல்லை. முதலில் காலையும் ஒயரையும் பிளேடால் லேசாகச் சுரண்டிப் பளபளப்பாக்குங்கள். அயன் நுனியை ஈரமான ஸ்பான்ஜில் துடைத்து, கொஞ்சம் ஈயம் பூசிக்கொள்ளுங்கள். அந்த ஈரப்பசை இருந்தால்தான் சூடு கடக்கும். பிறகு, காலும் போர்டின் செம்பும் இரண்டுமே நுனியைத் தொடும்படி அயனை வையுங்கள். மனதுக்குள் மூன்று எண்ணுங்கள், தடித்த கால் என்றால் ஐந்து. இப்போது ஈயக் கம்பியை அயனில் வைக்காமல், எதிர்ப்பக்கத்தில் காலைத் தொடும்படி வையுங்கள். இடம் சூடாகியிருந்தால் ஈயம் தானே உருகி, உழுத மண்ணில் தண்ணீர் இறங்குவது போல சுற்றிப் பரவும். முதலில் ஈயக் கம்பியை எடுங்கள், பிறகு அயனை. அதன் பின் மூச்சைப் பிடித்துக்கொள்வது போல் நில்லுங்கள். உறைவதற்குள் கால் அசைந்தால், அவ்வளவு வேலையும் வீண்.

நல்ல பற்றவைப்பு எப்படி இருக்கும்? சின்ன மண்மேடு போல, காலை நோக்கி உள்வாங்கிய சரிவாக இருக்கும். உள்ளே கால் இருக்கும் வடிவம் தெரியும். 60/40 ஈயக் கம்பியாக இருந்தால் பளபளக்கும். உருண்டையாக, மங்கலாக, மணல் போட்டது போல இருந்தால் மறுபடியும் சூடு செய்து, புது ஈயம் துளி சேர்த்துச் சரிசெய்யுங்கள். காரீயம் இல்லாத ஈயக் கம்பி என்றால் இயல்பாகவே கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். அதற்கு உருகும் சூடும் அதிகம், 217 டிகிரிக்கு மேல். பழகுபவர்கள் 60/40 வாங்கினால் போதும். அது 190 டிகிரிக்குள் முழுதாக உருகிவிடும்.

கண்ணால் பார்த்துத் திருப்தி இல்லை என்றால் மீட்டர் இருக்கிறது. பல்பு எரியும்போது, மீட்டரை 200 மில்லிவோல்ட் டி.சி-யில் வைத்து, ஒரு முனையை டயோடின் காலிலும் மறு முனையைப் பற்றவைப்பைத் தாண்டி ஒயரிலும் வையுங்கள். நல்ல பற்றவைப்பில் சில மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டாது. ஐம்பது, நூறு என்று காட்டினாலோ, காலைத் தொட்டால் எண் குதித்தாலோ, அது ஒருநாள் உங்களைக் கைவிடப் போகிறது.

இதையெல்லாம்விட முக்கியமானது ஒன்று. முட்டை வைக்கும் முன் ஒருமுறை, அதற்குப் பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை, பிளக்கைப் பிடுங்கிவிட்டு அரை மணி நேரம் பேட்டரியில் ஓடுகிறதா என்று பாருங்கள். பல்பு எரிந்து எரிந்து அணைய வேண்டும், டயோடு பக்கம் தீய்ந்த வாசம் வரக் கூடாது. இதைச் செய்திருந்தால் அன்று இரவுக்கு முன்பே அந்த விரிசல் தெரிந்திருக்கும். 7 ஏ.ஹெச் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் 4, 5 மணி நேரம் எதிர்பார்க்கலாம். உங்கள் ஊரில் அதற்கு மேல் கரன்ட் போகும் என்றால் பெரிய பேட்டரிதான் வழி.

சொல்லவே மனம் வரவில்லை. ஆனால் அடுத்த முறைக்காகச் சொல்ல வேண்டும். ஜில்லென்று ஆன முட்டைகளை உடனே கொட்டியிருக்க வேண்டாம். 16-ம் நாள் கரு, சில மணி நேரக் குளிர்ச்சியைத் தாங்குவது உண்டு. அதிக சூட்டைத்தான் தாங்காது. பழையபடி 37.5 டிகிரிக்குக் கொண்டுவந்து, நான்கைந்து நாள் விட்டு, இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்து, அசைவு இல்லாதவற்றை மட்டும் எடுக்க வேண்டும். பொரிப்பது ஒரு நாள் தள்ளிப்போகலாம், பாதிதான் பொரிக்கலாம். ஆனாலும் பாதி கிடைக்கும். பெரியம்மாவுக்கு உங்கள் சொந்த முட்டையில் 18 வைத்து, குஞ்சாகக் கொடுங்கள். பெட்டியைச் சரிசெய்த பிறகு, பிளக்கைப் பிடுங்கிக் காட்டியும் கொடுங்கள். மற்றபடி உங்கள் வீட்டுக்காரரிடம் இந்தப் பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ''பேட்டரி ஸ்ப்ரேயரில் சார்ஜ் ஏறவில்லை. பிரித்துப் பார்த்தால் சார்ஜர் சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு டயோடு கருகியிருந்தது. எடுத்துவிட்டு ஒரு துண்டுக் கம்பியைப் போட்டுப் பற்றவைத்தேன். முன்பைவிடச் சீக்கிரம் சார்ஜ் ஏறுகிறது. அப்படியே விடலாமா?'' (தேனி மாவட்ட வாசகர்)

பதில்: விடாதீர்கள். சீக்கிரம் ஏறுவதில்தான் ஆபத்தே இருக்கிறது. டயோடு பிடிக்கும் 0.7 வோல்ட்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் சில சார்ஜர்களைச் செய்திருப்பார்கள். டயோடு போய்விட்டால் அந்த 0.7 வோல்ட்டும் பேட்டரி மேல் ஏறும். இரவு முழுக்க அப்படியே மாட்டி வைத்தால் சீல் செய்த பேட்டரி உள்ளே வறண்டு, வயிறு உப்பிவிடும். இன்னொன்று, இப்போது சார்ஜர் சொருகும் ஓட்டையில் பேட்டரியின் முழு மின்சாரமும் எப்போதும் நிற்கிறது. மருந்துத் தண்ணீர் வழிந்தாலோ, ஆணி, கம்பி பட்டாலோ ஷார்ட்டுதான். பிளஸ், மைனஸ் மாறிய சார்ஜரை யாராவது சொருகினாலும் தடுக்க ஆளில்லை.

இப்படி வழியிலேயே நிற்கும் டயோடு ஒரு வகை. பிளஸ்ஸுக்கும் மைனஸ்ஸுக்கும் குறுக்கே படுத்திருக்கும் டயோடு வேறு வகை. தலைகீழாக மாட்டினால் தான் ஷார்ட் ஆகி, ஃபியூஸைப் போகவைத்து, மற்றதைக் காப்பாற்றும். உங்களுடையது முதல் வகை என்று எப்படித் தெரிகிறது என்றால், இரண்டாவது வகையாக இருந்திருந்தால் நீங்கள் கம்பி போட்ட நொடியிலேயே புகை வந்திருக்கும். நல்லவேளை. இனிமேல் எந்த டயோடு என்று தெரியாமல் கம்பி போடாதீர்கள்.

சார்ஜரின் மேல் எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதோ, அதைப்போல் இரண்டு மடங்கு தாங்கும் டயோடாகப் போடுங்கள். 1.5 ஆம்பியர் சார்ஜருக்கு 1என்5408 சரியாக இருக்கும். அது 3 ஆம்பியர். வெள்ளிக் கோடு பேட்டரி பக்கம். பழைய டயோடு ஏன் கருகியது என்றும் யோசியுங்கள். வேறு பெரிய சார்ஜரைப் போட்டிருந்தீர்களா? இல்லையென்றால் பேட்டரியில் ஒரு செல் ஷார்ட் ஆகியிருக்கலாம். முழு சார்ஜுக்குப் பிறகும் 11 வோல்ட்டைத் தாண்டவில்லை என்றால் பேட்டரியை மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி: ''சொட்டுநீர் வால்வுக்குப் போகும் ஒயர்களைப் பற்றவைத்து டேப் சுற்றினேன். மூன்று மாதத்தில் பச்சை பூத்து அறுந்துவிடுகிறது. இதுவரை நான்கு முறை. ஈயம் மட்டமா?'' (விழுப்புரம் மாவட்ட வாசகர்)

பதில்: ஈயத்தின் மேல் பழி போடாதீர்கள். நீங்கள் தொட்டுக்கொள்ளும் பேஸ்ட் எது என்று பாருங்கள். பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் நவச்சாரம் போட்டுத் தேய்ப்பார். அழுக்கை அரித்து எடுக்க அது பிரமாதம். ஆனால் அவர் பிறகு பாத்திரத்தைக் கழுவிவிடுவார். ஒயரை யார் கழுவுகிறார்கள்? தகரம் பற்றவைக்கும் அமில வகை பேஸ்ட்டும் அப்படித்தான். ஒயரின் இழைகளுக்குள் ஏறி, ஈரம் படும்போதெல்லாம் செம்பை அரித்துக்கொண்டே இருக்கும். பைன் மரப் பிசினிலிருந்து வரும் ரோசின் ஃப்ளக்ஸ் என்று கேட்டு வாங்குங்கள். ஈயக் கம்பியின் உள்ளேயே ரோசின் இருக்கும் வகை வாங்கினால் தனி பேஸ்ட்டே தேவையில்லை.

பச்சை எங்கே முடிகிறதோ அதுவரை ஒயரை வெட்டி எறியுங்கள். கறுத்த செம்பில் ஈயம் பிடிக்காது. முதலில் இரண்டு ஒயரையும் முறுக்கிப் பிணைத்துவிட்டு, பிறகு பற்றவையுங்கள். பலம் முறுக்கில் இருக்க வேண்டும். ஈயம் இழுவையைத் தாங்காது. மேலே டேப் மட்டும் போதாது. உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு, இணைப்பைத் தரையில் விடாமல் ஒரு குச்சியில் கட்டி, வாய் கீழே பார்க்கும்படி தூக்கி வையுங்கள். உரத் தண்ணீர் சொட்டும் இடத்தில் எந்தப் பற்றவைப்பும் நிற்காது.

கேள்வி: ''பற்றவைக்கும்போது வரும் புகை காரீயப் புகையா? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.'' (திண்டுக்கல் மாவட்ட வாசகி)

பதில்: கண்ணுக்குத் தெரியும் அந்தப் புகை ரோசின் எரிவதால் வருவது. அயனின் சூட்டில் காரீயம் ஆவியாகாது. ஆனால் ரோசின் புகை மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, சின்ன ஃபேனைப் புகையை வெளியே தள்ளும்படி வைத்தால் போதும். காரீயம் வேறு வழியில் வரும். ஈயக் கம்பியைத் தொட்ட கை, அந்தக் கையால் எடுத்த முறுக்கு, மேஜையில் சிந்திய சின்னச் சின்னத் துளிகள், தவழ்கிற குழந்தை. இதுதான் பயப்பட வேண்டிய பாதை. சமையல் மேடையிலும் சாப்பிடும் இடத்திலும் இந்த வேலை வேண்டாம். ஈயக் கம்பியைப் பல்லால் பிடிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு, அதை இன்றே விடச் சொல்லுங்கள். ஒரு தகரத் தட்டை வைத்து அதன் மேல் வேலை செய்து, துளிகளைப் பழைய டப்பாவில் போட்டு மூடி, தரையை ஈரத்துணியால் துடைத்து, சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகு குழந்தையைத் தூக்கலாம்.